குளிர்காலத்தில் வீட்டை மூடிவைத்தல்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வசிப்பவர்கள் குளிர் தீரும்வரை தெற்கே தங்கப் போகும்போது, ஆளில்லாத வீடு உறைபனியில் சேதமாகாதபடி ஆயத்தம் செய்து பூட்டும் முறை இது. இப்படி ஆண்டுதோறும் இடம் மாறுகிறவர்களை அங்கே 'ஸ்நோபேர்டு', அதாவது பனிப்பறவை, என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஒன்டாரியோ, கியூபெக், நியூயார்க், மிச்சிகன் பக்கத்தவர்கள் ஃபுளோரிடாவுக்கும், மேற்கே இருப்பவர்கள் அரிசோனாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போவது வழக்கம். கனடியப் பனிப்பறவைகளுக்கென்று 1992இல் தொடங்கிய ஒரு சங்கமே இருக்கிறது.

சிலர் இலையுதிர் காலத்திலேயே கிளம்பிவிடுவார்கள். பேரப்பிள்ளைகளோடு கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கொண்டாடிவிட்டு ஜனவரி முதல் வாரத்தில் கிளம்புகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் வேலை கடினம். அக்டோபரில் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிட்டாலும், நினைவு வந்து திரும்பிவந்து வடித்துவிட அவகாசம் இருக்கும். ஜனவரியில் வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது அந்த அவகாசம் இல்லை. வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய் ஒரே இரவில் உறைந்துபோகலாம்.

குழாய் எப்படிப் பிளக்கிறது

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி உட்கார்ந்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. கட்டி குழாயை அடைத்துக்கொண்டு வளர்கிறது. அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீர் நெருக்குண்டு, அழுத்தம் ஏறி, உறையாத ஒரு பகுதியில் குழாய் பிளந்துவிடுகிறது. காப்புறை சுற்றாத குழாய்களுக்கு, வெளியே மைனஸ் 7 டிகிரியைத் தொட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்ன அளவு.

பிளந்த செம்புக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் சேதத்தின் தன்மை புரியும். விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதன் இரு ஓரமும் உதடுபோல வெளியே பிதுங்கி, மீன் வாயைத் திறந்தது போல இருக்கும். கொடுமை என்னவென்றால், பிளந்த அன்று ஒரு சொட்டும் ஒழுகாமல் போகலாம். பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். குளிர் தணிந்து கட்டி இளகும் நாளில்தான் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கும். வீட்டில் ஆள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வால்வை மூடிவிடலாம். வீட்டுக்காரர் ஃபுளோரிடாவில் இருந்தால் அது நாள்கணக்கில் ஓடும். மேல்மாடிக் கூரைப்பலகை ஊறி விழும், மரத்தரை கொப்பளிக்கும், சுவருக்குள் பூஞ்சை ஏறும்.

சூட்டோடு விடுவதா, காயவைத்து விடுவதா

மூடும் முறை இரண்டுதான். ஒன்று, வெப்பநிலைக் கட்டுப்பாட்டை ஏறத்தாழ 13 டிகிரியில் (55 ஃபாரன்ஹீட்) நிறுத்தி, வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸை ஓடவிட்டு, ஒருவர் வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது. இன்னொன்று, வீட்டிலுள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடுவது. இரண்டுக்கும் நடுவே, சூட்டைக் குறைத்துவைத்து, வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வைத் திறந்தபடியே விட்டு, யாரிடமும் சாவி கொடுக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது. எரிவாயு ஃபர்னஸும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. அதன் விசிறிக்கும் தீமூட்டிக்கும் மின்சாரம் வேண்டும். 1998 ஜனவரி முதல் வாரத்தில், விடுமுறை முடிந்த கையோடு, கிழக்கு ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் பனிக்கட்டி மழை கொட்டி மின்கோபுரங்கள் சரிந்தன. 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். சில ஊர்களில் அது திரும்பிவர வாரக்கணக்கில் ஆயிற்று. சூட்டை நம்பி விடப்பட்ட வீட்டுக்கு அந்த வாரம் என்ன காவல்?

ஆகவே சூடு ஓடினாலும் மெயின் வால்வை மூடி, குழாய்களை வடித்துவிட்டுப் போவதே நல்லது. வெந்நீர்க் கொதிகலனால் சூடேறும் அமைப்போ தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்களோ உள்ள வீடுகளில் மட்டும், அவற்றுக்குத் தண்ணீர் தேவையா என்று தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். எல்லாம் வடித்தாயிற்று என்று சூட்டை அறவே நிறுத்துவதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. டொரன்டோவில் அஸ்திவாரத்தை மண்ணுக்கு 1.2 மீட்டர் கீழே போடுவது உறைபனி அந்த ஆழத்துக்கு எட்டாது என்பதால். தரைக்குக் கீழுள்ள பேஸ்மென்ட் உள்ளிருந்தே குளிர்ந்துபோனால் அந்தக் கணக்கு தப்பும். அடிமண் உறைந்து தளத்தைத் தூக்கலாம். ஏரிக்கரையில் தூண்மேல் நிற்கும் கோடைக் குடில்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஜனவரியில் வடிக்கும் வரிசை

குளிர்காலத்தில் வடிக்கும்போது வரிசை தவறக் கூடாது. தண்ணீர் கடைசிச் சொட்டுவரை வெளியேறிய பிறகே சூட்டைக் குறைக்க வேண்டும். துணியும் பாத்திரமும் முந்தின நாளே கழுவி முடித்துவிட வேண்டும். முதலில் சுடுதண்ணீர்த் தொட்டியின் மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்துவார்கள். மின்சாரத் தொட்டி காலியானபின் சூடேற்றும் கம்பி ஓடிக்கொண்டிருந்தால் கருகிப்போகும். பிறகு மெயின் வால்வு. கிணறு உள்ள வீடானால் பம்ப்பின் பிரேக்கர். மேல்மாடிக் குழாய்களைத் திறந்து காற்றுப் போக வழிவிட்டு, பேஸ்மென்டில் இருக்கும் ஆகத் தாழ்ந்த குழாயைத் திறந்தால் குழாய்களிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி அங்கே இறங்கும். சரிவு இல்லாத குழாய்களில் தேங்கியதைக் காற்று கம்ப்ரசரால் ஊதித் தள்ளுவார்கள். மறந்துபோகிறவை எப்போதும் சிறியவையே: ஃபிரிட்ஜின் ஐஸ் செய்யும் பெட்டிக்குப் போகும் மெல்லிய குழாய், ஷவரின் கைத்தெளிப்பான், துணி துவைக்கும் இயந்திரத்தின் பம்ப்புக்குள் நிற்கும் ஒரு டம்ளர் தண்ணீர்.

வடித்தாலும் வற்றாத ஓரிடம், சிங்குக்கு அடியிலும் கழிப்பறைக்குள்ளும் வளைந்திருக்கும் குழாய். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அங்கே நிற்கும் தண்ணீர்தான். இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்கு அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் காப்புரிமை பெற்றார். வளைவில் நிற்கும் தண்ணீரை வற்றவிடவும் கூடாது, உறையவிடவும் கூடாது. ஆகவே பிராப்பிலீன் கிளைகால் கலந்த இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுவார்கள். காருக்கு ஊற்றும் உறைதடுப்பியில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். அதை வீட்டுக் குழாயில் ஊற்றவே கூடாது. சூடு ஓடும் வீடானால், வளைவில் நிற்கும் தண்ணீர்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் அது ஆவியாவது குறையும்.

விருந்து முடிந்த வீடு

பண்டிகையின் மிச்சங்களே வீட்டைக் கெடுக்கும். காய்ந்த கிறிஸ்துமஸ் மரம் தீப்பற்றக் காத்திருக்கும் விறகு. அதை வெளியேற்றாமல் பூட்டக் கூடாது. ஃபிரிட்ஜைக் காலிசெய்து நிறுத்தினால் கதவைச் சற்றுத் திறந்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும். ஃப்ரீசரை ஓடவிட்டுப் போகிறவர்களிடம் ஓர் அழகான உத்தி உண்டு. கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பிவரும்போது நாணயம் பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால், நடுவே மின்சாரம் நின்று இறைச்சி இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

சூடில்லாத வீட்டில் சோடா டின்களையும் பெயின்ட் டப்பாக்களையும் விட்டுவைக்கக் கூடாது. சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும். அதை இரும்புக் கம்பளியால் அடைப்பார்கள். திரும்பிவந்து எலிப் புழுக்கை கிடப்பதைக் கண்டால் உலர்வாகப் பெருக்கக் கூடாது. வட அமெரிக்க மான்சுண்டெலி ஹான்டா வைரஸைச் சுமக்கும். தூசியோடு அது மூச்சில் போகும். பிளீச் கரைசலால் நனைத்துத் துடைப்பதே முறை.

காவலும் காகிதமும்

கனடாவின் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் ஒரு கண்டிப்பு உண்டு. சூடேற்றும் பருவத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால், தினமும் ஒருவர் வந்து சூட்டைச் சரிபார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். இல்லையேல் உறைபனிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் நாள்கணக்கு உண்டு. ஒன்டாரியோவில் 12 மாதத்தில் 212 நாள்வரை மாகாணத்துக்கு வெளியே இருக்கலாம்.

முன்பெல்லாம் சன்னலில் ஒரு விளக்கை வைத்து, வீட்டுச் சூடு இறங்கினால் அது தானே எரியும்படி கருவி பொருத்துவார்கள். விளக்கைக் கண்டால் அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். இப்போது அந்த வேலையை உணர்கருவிகள் செய்து கைப்பேசிக்குச் சொல்கின்றன. ஆனாலும் சாவி வைத்திருக்கும் அண்டைவீட்டாருக்கு ஈடு இல்லை. மிதிபடாத பனி ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், தங்கள் வாசலில் பக்கத்து வீட்டுக் காரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. டொரன்டோ, ஸ்கார்பரோ பகுதித் தமிழர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஜனவரியில் யாழ்ப்பாணமோ சென்னையோ போய் இரண்டு மூன்று மாதம் தங்கும்போதும் வீட்டுக்கு இதே கதிதான். அவர்கள் ஒப்படைத்துவிட்டுப் போகும் பொருளில் சாவியோடு ஒரு தொட்டிக் கறிவேப்பிலையும் சேரும். சூடு குறைந்த வீட்டில் அது தாங்காது.

ஏப்ரலில் திரும்பியதும் மெயின் வால்வை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. குழாய்வாய்களைத் திறந்துவைத்துக் கால் திருப்பு மட்டும் திருப்பினால், சீறிக்கொண்டு முதலில் காற்று வரும், பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும். சுடுதண்ணீர்த் தொட்டி நிரம்பும்வரை அதன் மின்சாரத்தைத் தொடக் கூடாது. அதுவரை ஒருவர் வால்வில் கைவைத்து நிற்க, இன்னொருவர் டார்ச்சோடு பேஸ்மென்டிலிருந்து மேல்மாடிவரை நடந்து ஒவ்வொரு குழாயையும் தடவிப் பார்ப்பார்.