குலச்சிறையாரின் ஊரும் பூங்குழலியின் கடலும்

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் உள்ள மணமேல்குடி, நின்றசீர் நெடுமாறன் என்னும் பாண்டிய மன்னனின் அமைச்சரும் அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவருமான குலச்சிறையார் பிறந்த ஊராகப் போற்றப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், குலம் பாராமல் அடியார்களை வணங்கிய அவருடைய பண்பை விரித்துரைக்கிறாரே தவிர முகத்தை வருணிக்கவில்லை. அந்த இடைவெளியைச் சிற்பிகள் நிரப்பினர். ஆனால் சிவன் கோயில் திருச்சுற்றுகளில் நிற்கும் நாயன்மார் படிமங்களில் பல ஒரேவிதமாகக் கைகூப்பி நிற்பதால், பீடத்தில் எழுதிய பெயரைப் படித்தே குலச்சிறையாரை அறிய வேண்டியிருக்கிறது. கதை கேட்டவர்கள் மனத்தில் அவர் கூப்பிய கைகளாகவே பதிந்தார்.

இந்த நெடுமாறனையும் அவன் தேவி மங்கையர்க்கரசியையும் 'சிவகாமியின் சபதம்' நாவலில் பாத்திரங்களாக்கிய கல்கி, 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்கதையாக, அதாவது வாரம் ஒரு பகுதியாக, எழுதியபோது நிலைமை மாறியது. ஓவியர் மணியம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி முகமும் கொண்டையும் அணிகலனும் வரைந்தார். அடுத்த இதழ் வரும்வரை வாசகர்கள் அந்த முகங்களோடு வாழ்ந்தார்கள். கதை சட்டென முடிந்துவிட்டதாக அவர்கள் குறைப்பட்டதால், பாத்திரங்களின் பிற்கால வாழ்வை முடிவுரையில் கல்கி சொல்ல நேர்ந்தது. ஒரு கற்பனை உலகைத் தம்முடையதாகவே உரிமை கொண்டாடும் வாசகர் கூட்டம் அப்போதே உருவாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஓவியம் முகத்தைத் தந்தாலும் நிலத்தையும் நீரையும் வாசகர் தம் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். நாவலின் நாயகன் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு பூங்குழலி என்னும் படகோட்டிப் பெண் இலங்கைக்குப் படகு செலுத்தும் கோடிக்கரை, மணமேல்குடிக்கு வடகிழக்கே உள்ளது. சென்னை வாசகர் அங்கே மெரினாவின் பேரலைகளைக் காணக்கூடும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவைப் பார்த்து வளர்ந்த மணமேல்குடி வாசகருக்கோ அந்தக் கடல் பெரும்பாலும் தணிந்த அலையோடுதான் தோன்றும்.

இந்த நாவலைத் தழுவிய மணிரத்னத்தின் திரைப்படம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானபோது, நாவலில் ஊறியவர்கள் நடிகர்களை மணியத்தின் கோடுகளோடு ஒப்பிட்டு வாதிட்டனர். படத்தைப் பார்த்தபின் நாவலைக் கையிலெடுக்கும் இளையோருக்கு அந்த வழக்கே இல்லை. வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனை அவர்கள் முதல் அத்தியாயத்திலேயே அவனாக நடித்த கார்த்தியின் முகத்தோடு சந்திக்கிறார்கள்.