சோழவரமும் ரெண்டு சிலிண்டர் ராஜ்தூத்தும்

ஆரணின்னதும் பட்டுப்புடவைன்னு நினைச்சுடாதீங்க மக்களே, இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. எங்களுக்குப் பக்கத்துல சோழவரம். அங்க இருக்கிற இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் பந்தயம் நடத்திச்சு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததோட சோழவரம் அடங்கிப்போச்சு.

எண்பதுகள்ல ரெண்டு சிலிண்டர்னா ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி350-ஐ எஸ்கார்ட்ஸ் 1983-ல் இங்க கொண்டுவந்தாங்க. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான்ல 39 குதிரைத்திறன். இங்க மைலேஜுக்காக மூச்சை இறுக்கி 30.5 ஆக்கினாங்க. பின்னால வந்த 'லோ டார்க்' வெறும் 27. ஆக, பந்தயத்துக்கு வண்டி தேடினா முதல் கேள்வியே ஹை டார்க்கா, லோ டார்க்கா?

அப்புறம்தான் வேலையே. சைலன்சருக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதுக்கேத்த பெரிய ஜெட். ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு திறக்கணும். ஒரு பக்கம் பெட்ரோல் குறைஞ்சா அந்த பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும், பின்சக்கரம் நின்னுடும்... ஓட்டறவர் கதி? கிளட்ச் லீவர் மேல எப்பவும் ரெண்டு விரல் இருக்கணும்.

அதைவிட மோசம் பிரேக். ஜப்பான் வண்டிக்கு முன்னாடி டிஸ்க், நம்மூர் வண்டிக்கு ரெண்டும் டிரம். நீள ஓடுதளத்துல முறுக்கிட்டு வந்து வளைவுல பிடிச்சா, சூட்டுல பிடிமானமே போயிடும். என்னைக் கேட்டா பவரை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பிரேக் :-)

2021-ல் ஆரம்பிச்ச ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கப்லயும் ரெண்டு சிலிண்டர்தான், 648 சிசி. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி தயார் செஞ்ச வண்டி. ஜெயிச்சா ஓட்டினவர் திறமைன்னு தயங்காம சொல்லலாம். நியாயம்தான். ஆனா ராத்திரி முழுக்க ஜெட்டை மாத்தி மாத்திப் பார்க்கிற மெக்கானிக்குக்கு அங்க வேலை இல்லை. எனக்கு அந்த ஆள்தான் பாதிப் பந்தயம்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சோழவரம் பந்தயம் பார்த்திருந்தா, கேட்டு எழுதி வைங்களேன்.