பெரியாச்சியின் பேரன்

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா யாருடைய வழித்தோன்றல் என்னும் வினாவுக்கு மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. அவர் அராபியர் என்பது ஒன்று. தமிழர் என்பது மற்றொன்று. மலாய்க்காரர் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் எழுத்துச் சான்று உண்டு. மேடைக்கு ஏற்ப ஒன்றை எடுத்து மற்ற இரண்டை மறைக்கும் வழக்கம் நம்மவரிடத்தும் உண்டு. சான்றுகள் எங்கே முரண்படுகின்றன, எங்கே முரண்படுவதுபோல் தோன்றுகின்றன என்பதைப் பிரித்தறிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்சான்று அப்துல்லாவின் சொந்த வாக்குமூலம். 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே அவர் தம் குலவரிசையைத் தருகிறார். பூட்டனார் சேகு அப்துல் காதிர், ஏமன் நாட்டு அராபியர். மார்க்கமும் மொழியும் கற்பித்தவர். கிழக்கு நோக்கிப் பயணம் செய்து நாகூரில் தங்கி, அங்கேயே மணம் முடித்து, நான்கு ஆண்மக்களைப் பெற்றார். அவர்களுள் முகம்மது இப்ராகிம் மலாக்காவுக்கு வந்தார். ஏனைய மூவர் கிழக்குத் தீவுகளை நோக்கிச் சென்றனர். முகம்மது இப்ராகிம் மலாக்காவில் சேகு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அவர்களுடைய மகன் அப்துல் காதிர்; அவருடைய மகன் அப்துல்லா. தாயார் பெயர் செலமா. அவருடைய முன்னோர் இந்துவாயிருந்து இசுலாத்தைத் தழுவியவர்.

இரண்டாம் சான்று கண்ணால் கண்டவர் கூற்று. சிங்கப்பூரில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன், அப்துல்லாவிடம் மலாய் பயின்றவர். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை எழுப்பியவரும் அவரே. 1864இல் வெளியிட்ட நூலில், தம் ஆசிரியரின் முகத்தோற்றம் தென்னிந்தியத் தமிழருடையது என்றும், உடையும் மலாக்காத் தமிழர் உடுத்துவதே என்றும், மொழியாலும் பற்றாலும் மட்டுமே அவர் மலாய்க்காரர் என்றும் அவர் எழுதினார். முகத்தைப் பார்த்து இனம் கூறும் அந்நூற்றாண்டுப் பழக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் உடையைப் பற்றிய செய்தி பயனுடையது. மலாக்காவில் தமிழ் முசுலிம்களுக்கெனத் தனித்த உடைவழக்கு ஒன்று இருந்தது, அப்துல்லா அதனையே பின்பற்றினார் என்பது அதனால் தெரிகிறது.

பூட்டனார் அராபியர் எனில் பேரர் எவ்வாறு தமிழர் ஆனார்? விடை பாட்டியிடம் உள்ளது. குலவரிசையில் அவர் பெயர் ‘பெரி ஆசி’ எனக் காணப்படுகிறது. ஆங்கில நூல்களும் மலாய் நூல்களும் இதனை இரு சொற்களாகப் பிரித்து, ஓர் இயற்பெயராகவே பதிப்பித்து வருகின்றன. மலாய் படிப்போர் ‘பெரி’ என்பதைத் தம் மொழியில் தேவதையைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளவும் கூடும். தமிழ்ச்செவிக்கு ஐயமே இல்லை. அது பெரியாச்சி.

எழுத்தியல் இதற்குத் துணை நிற்கிறது. அப்துல்லா எழுதியது ஜாவி எழுத்தில். அரபு எழுத்தின் வழிவந்த அதில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை; தமிழின் இரட்டித்த சகரத்தைக் காட்டவும் இயல்பான வழியில்லை. எனவே ‘ஆச்சி’ என்பது ‘ஆசி’ என ஒற்றையாகிறது. ‘பெரிய’ என்பதன் ஈற்று அகரம் ‘ஆச்சி’யின் முதலுயிரோடு புணர்ந்து கெட, இடையில் ஒலிக்கும் யகரம் உடம்படுமெய்போல் செவியில் மறைந்து, பெரி என்றும் ஆசி என்றும் சொல் பிளவுபடுகிறது. எழுத்தைப் பெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை. தமிழைக் கேட்டதில்லை, அவ்வளவே.

ஆச்சி என்பது மூத்த பெண்டிரையும் பாட்டியையும் குறிக்கும் முறைப்பெயர். ஆகவே இந்தக் குலவரிசையில் நம்மிடம் இருப்பது அம்மூதாட்டியின் இயற்பெயர் அன்று, வீட்டார் அவரை அழைத்த பெயர் எனக் கொள்வதே பொருத்தம். முறைப்பெயர்கள் இயற்பெயராக மாறுவதும் உண்டு. நாச்சியார், அம்மாள், பாப்பா என்பன அவ்வாறு வழங்குகின்றன. எவ்வகையாயினும் ஒன்று உறுதி. பதினெட்டாம் நூற்றாண்டு மலாக்காவில் அந்த வீட்டில் மூத்த பெண்ணைக் குறிக்க வழங்கிய சொல் தமிழ்ச்சொல்.

அவருடைய தந்தையின் பெயரும் அதனையே காட்டும். சேகு என்பது ஷெய்கு என்னும் அரபுச்சொல்லின் தமிழ் வடிவம். மீரா என்பது நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையை மீரான் சாகிபு என அழைக்கும் வழக்கோடு தொடர்புடையது. லெப்பை என்னும் சொல்தான் சற்றுக் கவனத்துக்குரியது. மலாயில் ‘லெபாய்’ என்பது பள்ளிவாசற் பணியாளரையோ மார்க்க அறிவுடையவரையோ குறிக்கும். அச்சொல்லே தமிழிலிருந்து சென்ற கடன்சொல். எனவே லெபாய் என்பதை மட்டும் கொண்டு ஒருவரைத் தமிழர் எனத் துணிய இயலாது. சேகும் மீராவும் லெப்பையும் ஒருங்கே வரும்போதுதான் பெயர் தன் ஊரைச் சொல்கிறது. அவ்வூருக்கும் இந்நீரிணைக்கும் இருந்த உறவுக்குச் சிங்கப்பூர் தெலுக் ஆயர் சாலையில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் கண்கூடான சான்று.

பெயர்களைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். இக்குடும்பம் அவ்வழக்கை விடவில்லை. ஏமனிலிருந்து வந்தவர் அப்துல் காதிர். மகன் முகம்மது இப்ராகிம். பேரன் மீண்டும் அப்துல் காதிர். இதனால் ‘அப்துல் காதிரின் மகன் முகம்மது இப்ராகிம்’, ‘முகம்மது இப்ராகிமின் மகன் அப்துல் காதிர்’ என இரு குறிப்புகள் எழுகின்றன. ஆண்டு இல்லாத ஆவணத்தில் தந்தையும் மகனும் இடம் மாறிவிடுவர். இரு அப்துல் காதிர்களும் ஒருவராகவே எண்ணப்படுவர். ஏமனிலிருந்து வந்தவர் அப்துல்லாவின் பாட்டனார் என்று எவரேனும் கூறினால், ஒரு தலைமுறை இவ்வாறுதான் விழுங்கப்பட்டிருக்கும். நாகூர் ஆண்டகையின் பெயரிலும் அப்துல் காதிர் என்பது உண்டாதலால், அவ்வட்டாரத்தில் அப்பெயருடையோர் மிகப் பலர். பெயர் ஒத்திருப்பதை மட்டும் கொண்டு உறவு கற்பிக்கும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

அப்துல்லா என்னும் பெயர் மட்டும் இவ்வரிசையில் சேரவில்லை. அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தவறிவிட்டன. அராபியப் பெரியார் ஒருவர் ஆசி கூறித் தம் பெயரையே பிறக்கும் குழந்தைக்கு இடச்சொன்னார் என்று அவரே குறிப்பிடுகிறார். ‘முன்ஷி’ என்பதோ குலப்பெயரே அன்று. மலாக்காக் கோட்டையிலிருந்த இந்திய முசுலிம் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்தபோது அவர்கள் அளித்த பட்டம் அது.

இனி அராபிய வழி பொய்யா எனின், ஐயுற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஏமன் நாட்டு மார்க்க அறிஞர்கள் சோழமண்டலக் கரையில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து வாழ்ந்தது வரலாறு அறிந்த செய்தி. சிக்கல் உண்மையில் இல்லை, எண்ணும் முறையில் உள்ளது. தந்தை வழியில் அப்துல்லாவுக்குப் பூட்டனும் பூட்டியுமாக நால்வர். அவர்களுள் குலவரிசை பெயர் சொல்வது இருவரை, இருவரும் ஆண்கள். நாகூரில் அப்துல் காதிரை மணந்த பெண்ணுக்குப் பெயரே இல்லை. அவ்வம்மையாரும் மீரா லெப்பையின் மனைவியும் வரிசையில் இடம் பெற்றிருந்தால், ‘அராபியர்’ என்னும் விடை அத்தனை எளிதாக நின்றிராது. ஆணாவணம் ஒன்றைச் சொல்ல, வீட்டில் வழங்கிய மொழி வேறொன்றைச் சொல்கிறது.

அம்மொழியை அப்துல்லா இழக்கவுமில்லை. மலாக்காவில் நற்குடிப் பிள்ளைகளும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் கணக்குக்கும் உரையாடலுக்கும் தமிழ் பயில்வது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்றும், தம் தந்தை தம்மையும் அதற்கனுப்பினார் என்றும் அவர் எழுதுகிறார். பயின்றது வீண்போகவில்லை. 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்தே மலாயில் பெயர்த்தார். பாட்டியை எவ்வாறு அழைத்தனர் என்பதன் பொருளை அறிந்துதான் அவர் அச்சொல்லை எழுதினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அப்துல்லா 1854இல் காலமானார். அவருடைய மகன் பின்னாளில் ஜொகூர் அரசின் உயர் அலுவலராகி, மலாயில் பயணநூல் எழுதிப் புகழ் பெற்றார். மலாய் இலக்கிய வரலாறுகள் அவரை மலாய்க்காரராகவே எழுதுகின்றன; அவர் காலத்தில் அவ்வாறு எழுதுவதில் பிழையுமில்லை. அவருக்கு இட்ட பெயர் முகம்மது இப்ராகிம், நாகூரிலிருந்து மலாக்காவுக்கு வந்து பெரியாச்சியை மணந்தவரின் பெயர்.