மூன்று புத்தகங்களும் ஒரு பரீட்சையும்

நேமத்தான்பட்டியில் சின்னம்மா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி உண்டு. போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அதைத் திறந்தோம். உள்ளே மூன்று அறிவொளிப் புத்தகங்கள். சின்னம்மா பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வரும்போது கூடவே கொண்டுவந்திருக்கிறார். முதல் புத்தகத்தில் அவர் எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஓடுகின்றன. மூன்றாவதில் அடங்கி நிற்கின்றன. அதன் கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு.

"பரீட்சை எழுதுனீங்களா சின்னம்மா?"

"தனியா எங்கடா எழுதுனோம்? புத்தகத்துலயே இருந்துச்சு. கொஞ்சம் படிச்சதும் எழுதிப் பாப்போம்."

அவர் சொன்னது சரிதான். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடமுறையில் மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று சோதனைகள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைப் படிப்பவரே பார்த்துக்கொள்ளலாம்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கல்குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்கள் குழுவாகக் குத்தகை எடுத்தார்கள். இதையெல்லாம் எந்த விடைத்தாளில் திருத்துவது?

ஆனால் அரசுக்கு ஓர் எண் வேண்டும். 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு, மற்ற மாவட்டங்களும் அந்த அறிவிப்பை நோக்கி ஓடின. லட்சக்கணக்கானவர்களின் நோட்டை யார் உட்கார்ந்து புரட்டுவது? பரீட்சை வைத்தால் சீக்கிரம் முடியும்.

மென்பொருள் வேலையில் நானும் இதைத்தான் செய்கிறேன். ஆள் எடுக்க ஒரு மணி நேரத் தேர்வு வைப்பேன். ஆனால் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிய, அவர் நிரலில் நாள்வாரியாகச் செய்த மாற்றங்களைத்தான் படிக்க வேண்டும். தேர்வு அன்றைய நிலையைச் சொல்லும். நடந்துவந்த தூரத்தைச் சொல்லாது.

அந்தத் தூரத்துக்கே சான்றிதழ் தரலாம் என்று 1970களில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் முயன்றார்கள். பள்ளிப்படிப்பை விட்ட பெரியவர்கள் அன்றாட வாழ்க்கைக்கான வேலைகளைத் தங்கள் வேகத்தில் செய்துகாட்டினால் பள்ளி இறுதிச் சான்றிதழ். ஆனால் ஒவ்வொருவரோடும் பயிற்சி பெற்ற ஒருவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். நம்மூரில் சம்பளமில்லாத் தன்னார்வலரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. நோட்டை வேறு யாராவது எழுதிக்கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. பரீட்சையை வெறுமனே திட்ட எனக்கு மனம் வரவில்லை.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் முடிவில் பரீட்சைதான். வாசிப்பு, எழுத்து, கணக்கு, தலா 50 மதிப்பெண். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அந்த வகுப்புக்குப் போனார்.

"பரீட்சை அன்னைக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். இந்த வயசுல பெயிலானா தெருவே சிரிக்கும்" என்றார்.

சின்னம்மா முதல் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "இதுவும் நான் எழுதுனதுதாங்க்கா."

பெரியம்மா கோணல் எழுத்துகளை விரலால் தடவினார். பிறகு தன் நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பரீட்சைக்குப் போனார். தேறிவிட்டார். வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எழுதுன தாளைத் திருப்பித் தருவாகளா தம்பி?"

"தரமாட்டாங்க பெரியம்மா."

"அப்ப நோட்டு இருக்கட்டும்" என்று முந்தானையில் சுற்றிக்கொண்டார்.