வரலாற்று ஆசிரியரின் அமானிதம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டியை நம்மவருள் பலர் சிப்காட் தொழிற்பேட்டையின் பெயராலேயே அறிவர். தமிழகத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களுள் ஒன்றும் அவ்வூரில்தான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பின் அலையலையாகக் கடல் கடந்து வந்தோரும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்தம் மக்களும் பேரமக்களும் அங்கு வாழ்கின்றனர். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை நீக்கி, 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. பெயர் மாறினும் நினைவு மாறுவதில்லை. அந்நினைவைச் சுமந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து வரலாறு பயில்கின்றனர்.

உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வருகிறது. ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்த செய்தியை ஆசிரியர் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்ட மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் ஊரில் நடந்ததும் இதுதானா?" என்று வினவினால் அவர் என்ன விடை பகர்வார்? 'பாடத்தில் இல்லை' என்று வாயடைப்பது எளிது. உணர்ச்சி பொங்கப் பேசி வகுப்பைக் கலங்க வைப்பதும் எளிது. இரண்டுமே ஆசிரியத் தொழிலுக்கு அழகல்ல. நேரிய விடை சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலாவது, சொல்லின் பொருள். இனப்படுகொலை என்று நாம் வழங்கும் சொல்லுக்கு மூலமான 'ஜெனோசைடு' பழைய சொல்லன்று. போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரபேல் லெம்கின், கிரேக்கச் சொல் ஒன்றையும் இலத்தீன் சொல் ஒன்றையும் இணைத்து, 1944இல் வெளியிட்ட தம் நூலில் அதனைப் படைத்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இக்குற்றத்தைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை 1950இலும் இந்தியா 1959இலும் அதற்குக் கட்டுப்பட்டன. ஒரு தேசிய, இன, குல அல்லது சமயக் கூட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் ஐவகைச் செயல்களை அது கூறுகிறது: கொல்லுதல், உடலுக்கோ உள்ளத்துக்கோ கடுந்தீங்கு இழைத்தல், அழிவைத் தரும் வாழ்நிலையைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளைப் பிரித்து வேறு கூட்டத்தாரிடம் சேர்த்தல். நோக்கமே இங்கு உயிர்நாடி. நிய்யத்தின் இடத்தை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எண்ணிக்கை மட்டும் இக்குற்றத்தை நிறுவாது என்பதை மாணவன் முதலில் அறிதல் வேண்டும்.

இவ்வறிவுடன் இலங்கையை நோக்குவோம். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் புலிகளால் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில் மூண்ட வன்செயல் பல நாட்கள் நீடித்தது. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மாண்டோர் சில நூறு பேர் என்றது அரசு. பிறர் கணக்கு 3,000 வரை செல்கிறது. 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. அதன் இறுதிக் கட்டத்தில் 40,000 வரை குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் அறிவித்தது.

நடந்தது இனப்படுகொலையே என்று இலங்கையின் வடமாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2021இல் சட்டமியற்றி, ஆண்டுதோறும் மே 18இல் முடியும் வாரத்தைத் தமிழினப் படுகொலை பற்றிய கல்விக்கென ஒதுக்கியது. 2015 செப்டம்பரில் வெளிவந்த ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கையோ, கொடிய குற்றங்களை விரிவாக எடுத்துரைத்தும் அச்சொல்லால் தீர்ப்புரைக்கவில்லை. இலங்கை அரசு அக்குற்றச்சாட்டையே மறுக்கிறது. ஆசிரியர் இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தலாகாது. யார், எப்போது, எந்த ஆதாரத்தைக் கொண்டு என்ன சொன்னார் என்பதை மாணவர் முன் வைத்தல் வேண்டும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலையில் செய்தியைக் கேட்பதற்கு முன் அதன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டனர் நம் முன்னோர். அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட 'ஜர்ஹ் – தஅதீல்' என்றொரு துறையையே வளர்த்தனர். 14ஆம் நூற்றாண்டினரான இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே எண்களைப் பற்றி எச்சரிக்கிறார். மூஸா நபி (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலானோர் எழுதியதை எடுத்து, அந்நிலம் அத்துணைப் படையைத் தாங்குமா, அத்தனை தலைமுறையில் அக்குலம் அவ்வளவு பெருகுமா என்று கேட்கிறார். எண்ணை மிகைப்படுத்துவோன் மறுப்போனுக்கே துணை போகிறான். ஒரு பொய் எண் பிடிபட்டால் உண்மையான நூறு சாட்சியங்களும் ஐயத்துக்கு உள்ளாகும் அன்றோ!

இனி, நமக்கே கசப்பான பகுதிக்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோரைப் புலிகள் சுட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். அவ்வாண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். தமிழரின் துயரைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் கற்பித்தே ஆக வேண்டும்.

ஆனால் நம்மவரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே ஆகஸ்ட் 12 அன்று அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் பங்குகொண்டதாகப் பதிவுகள் உள்ளன. காத்தான்குடியை நினைவுகூர்ந்து வீரமுனையை விழுங்குவோமாயின், பிறரிடம் நீதி கேட்கும் தகுதி நமக்கு எங்ஙனம் வாய்க்கும்? தனக்கு இழைக்கப்பட்டதைச் சொல்ல எவருக்கும் பயிற்சி வேண்டா. தன்னவர் இழைத்ததைச் சொல்வதற்கே பயிற்சி வேண்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை ருவாண்டாவிலிருந்து கிடைக்கிறது. அங்கு 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது, மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்நாட்டு வகுப்பறைகளில் ஹுட்டுப் பிள்ளைகளையும் துட்சிப் பிள்ளைகளையும் தனித்தனியே எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. கொலைக்குப் பின் பள்ளிகளில் நாட்டு வரலாறு கற்பிப்பதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆகவே கும்மிடிப்பூண்டி ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடேயே, "முகாம் பிள்ளை எழுந்து உன் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்" என்று கேட்டாலும் அது தவறே. பிள்ளை மாணவன், வகுப்பின் சாட்சி அல்லன். அவனாகப் பேச முன்வந்தால் செவி சாய்க்கலாம், வற்புறுத்தலாகாது. அவ்வாறே சிங்களவர் அனைவரையும், யூதர் அனைவரையும், எவ்வினத்தார் அனைவரையும் குற்றவாளியாக்கும் ஒரு சொல்லும் அவர் வாயினின்று வரலாகாது. 1983இல் தமிழ் அயலாரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதும் வரலாறே.

திருவள்ளூர் மாவட்டத்துக்கெனத் திரூரில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் வரலாற்று ஆசிரியர்களை அமர்த்தி, உடன்படிக்கையின் வாசகத்தைப் படிக்கவும், ஒரே நிகழ்ச்சி குறித்த இரு அறிக்கைகளை ஒப்பிடவும், எண்ணின் மூலத்தைத் தேடவும், துயருற்ற பிள்ளையிடம் பேசும் முறையை அறியவும் பழக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பள்ளியில் கேட்டதைப் பிள்ளை வீட்டில் வந்து கேட்கும்போது, நமக்கு உவப்பானதை மட்டும் சொல்லி அனுப்பாதிருத்தலே அப்பங்கு. இறந்தோரின் செய்தி நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது ஆசிரியருக்கும் நமக்கும் கடமையாகும்.