ஊருக்குப் போகிற வழியில் ஒரு தங்கவயல்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு பழைய மெட்ராஸ் ரோடு என்றால் ஊருக்குப் போகிற வழி, அவ்வளவுதான். கோலார் பக்கம் ஒரு காபி, முல்பாகலில் தோசை, அப்புறம் வண்டியை விரட்டு என்று போய்விடுவோம். கொஞ்சம் மனசு வைத்தால் கம்மசந்திராவில் கோடிலிங்கம். ஆனால் அதே வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்க்க நாலு இடங்கள் இருக்கின்றன. நாலையும் பார்த்து முடித்தால் ஒன்று புரியும்: பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்த முதல் ஆட்கள் நாம் இல்லை.

முதலில் கோலாரம்மா கோயில். கோலாருக்குப் பழைய பெயர் குவளாலபுரம், கங்கர்களின் ஊர். 1000-மாவது ஆண்டை ஒட்டி சோழர் கைக்குப் போனது. நிகரிலிச் சோழ மண்டலம் என்று இந்தப் பகுதிக்குப் பெயரும் வைத்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. பிள்ளைகளை விட்டு எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள், நல்ல பொழுதுபோக்கு. இங்கே இன்னொரு அதிசயம் சேளம்மா. கன்னடத்தில் சேளு என்றால் தேள். தேள்கடியிலிருந்து காப்பவள் என்று நம்பிக்கை. அவள் சன்னதியில் உண்டியலே தரையில் தோண்டிய குழிதான்!

அதே ஊரில் மக்பரா. ஹைதர் அலியின் அப்பா ஃபத்தே முகமதுவின் சமாதி. ஹைதர் பிறந்த பூதிக்கோட்டை பங்காருப்பேட்டைக்குத் தெற்கே இருக்கிறது. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் இறந்தபோது, திப்பு வந்து சேரும்வரை செய்தி வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டார்கள். உடல் முதலில் வந்தது கோலாருக்கு, அதற்குப் பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டணம்.

மூன்றாவது பேத்தமங்கலா ஏரி. "ஏரியில் என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். இது பாலாற்றை மறித்த ஏரி. வாணியம்பாடியில், ஆம்பூரில் மணலாகக் கிடக்கிறதே, அதே பாலாறுதான். தங்கவயலுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போனது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குக் கிளம்பியவர்களில் பலர், தங்கள் ஊர் ஆறு வருகிற திசையிலேயே மேலே ஏறி வந்தார்கள் என்றும் சொல்லலாம்.

இனி தங்கவயல். 1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, இந்தப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 120 வருடங்களில் சுமார் 800 டன் தங்கம். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இங்கே வந்தது, பெங்களூருக்கு 1905-ல்தான். இவ்வளவு முக்கியமான ஊர்.

ஆனால் அந்த ஆழத்தில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஏழை ஜனங்கள், அதிலும் அதிகம் தலித் குடும்பங்கள். ஊரில் நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. இங்கே வேலை இருந்தது, பாறை வெடித்துச் சாகிற ஆபத்தும் கூடவே இருந்தது. 1930-ல் கம்பெனி ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யப் பார்த்தபோது, "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்கிற கோபத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

வேலை மட்டுமில்லை, படிப்பும் இருந்தது. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருக்குப் பிறகு "தமிழன்" பத்திரிகை சாம்பியன் ரீஃபிலிருந்து மறுபடி வெளிவந்தது. அவருடைய எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டு வைத்ததும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பகலெல்லாம் பாறை உடைத்த ஊர் செய்த காரியம் இது!

இன்னொரு விஷயம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் நியூட்ரினோக்களை 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த சோதனை. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே கண்டுபிடிப்பு நடந்தது.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பிறகு அந்த ஊர் ஜனங்களில் ஆயிரக்கணக்கானோர் விடிகாலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

போனால் என்ன பார்க்கலாம்? சாம்பல் நிறத்தில் சயனைடு மேடுகள், தூரத்திலிருந்து சுரங்கக் கோபுரங்கள், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட், தொழிலாளர் லைன் வீடுகள். மூடிய சுரங்க வாய்ப் பக்கம் மட்டும் போகவேண்டாம், ஆபத்து. சினிமாவில் பார்த்த கே.ஜி.எஃப். அங்கே இல்லை. லைன் வீட்டு வாசலில் யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால், "வணக்கம் ஐயா" என்று தமிழிலேயே பேச்சுக் கொடுங்கள். நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களின் கதை பலகையில் எழுதி வைத்திருக்காது, அவரிடம்தான் இருக்கும். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள்.