ஒளித்திரை வளர்ந்த வரலாறு

ஒரு கண்டுபிடிப்பின் பயனை அது பிறந்த நாளிலேயே அளந்துவிட முடியுமா? வீடுதோறும் ஒளிரும் திரைகளின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்கின்றது.

1888 ஆம் ஆண்டில், பிராக் நகரிலே, பிரெடெரிக் ரைனிற்சர் என்னும் தாவரவியலறிஞர் கரட்டிலிருந்து பெற்ற கொலஸ்திரோலினால் ஆக்கிய சேர்வையொன்றைச் சூடாக்கினார். அஃது ஏறத்தாழ 145 பாகை சதமளவில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று. 178 பாகையளவில் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என வியந்த அவர், ஜேர்மானியப் பௌதிகவறிஞர் ஒட்டோ லேமனுக்கு எழுதினார். திரவம்போல் ஓடியும், பளிங்குபோல் ஒழுங்குபட்டும் நின்ற அப்பொருள் பின்னர் 'திரவப் பளிங்கு' எனப் பெயர் பெற்றது. ஆயினும் அதனைக் கொண்டு திரை சமைக்கலாமென அன்று எவரும் கருதினாரல்லர்.

1897 இல் பேர்டினண்ட் பிரவுண் என்னும் ஜேர்மானியப் பேராசிரியர், மின்னோட்டத்தின் அலைவடிவைக் கண்ணாற் காண்பதற்காக வெற்றிடக் குழாயொன்றை அமைத்தார். இலத்திரன் கற்றை திரையிற் பூசிய பொருளைத் தாக்க, தாக்கிய இடம் ஒளிர்ந்தது. 1909 இல் அவர் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இக்குழாய்க்காகவன்று. வானொலிக்கு வழிகோலிய கம்பியில்லாத் தந்திக்காகவே. எனினும், 1979 இல் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியபோது இல்லங்களிற் புகுந்தது பிரவுண் குழாயின் வழித்தோன்றலே. அக்குழாய் இருளையும் அசைவையும் நன்கு காட்டியது. ஆனால் திரை அகன்றபோது பாரமும் ஆழமும் பெருகின.

திரவப் பளிங்கின் காலம் அதன்பின்னரே கனிந்தது. 1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹைல்மயர் குழுவினர் அதனாலான காட்சித் திரையை அறிவித்தனர். இன்றைய தொலைக்காட்சியில் அப்பளிங்கு தானாக ஒளிர்வதன்று. பின்னிருக்கும் விளக்கொளியைச் சாளரக் கதவுபோல் விடுவதும் மறிப்பதுமே அதன் தொழில். திரை மெலிந்தது, மின்செலவு குறைந்தது. ஆயின் சிறிது ஒளி கசிவதால் கருமை முழுமையடைவதில்லை.

இக்குறையை நீக்கும் வழியைக் கொடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்ரீவன் வான் ஸ்லைக் ஆகியோர் 1987 இல் காட்டினர். சேதனப் பொருளின் மெல்லிய படைகள் மின்னூட்டத் தாமே ஒளிர்ந்தன. இம்முறையிலமைந்த திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்து ஒளிரும். அணைந்தால் முழு இருளே. ஆயினும் அப்பொருள்கள் நாட்பட ஒளி குன்றும்.

ரைனிற்சரின் வியப்பிலிருந்து ஹைல்மயரின் திரைவரை எண்பது ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலமும் பயன் கேளாது அவ்வறிவைப் பேணி வந்தவர்கள் ஆய்வாளரும் ஆசிரியருமே. "இதைப் படித்து என்ன பயன்?" என்று பிள்ளைகளைக் கேட்குமுன் அந்த எண்பது ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் நன்று.